குடலில் கட்டி எடுத்தால் அந்த நான்கு புரதங்களையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

குடற் புற்றுநோய் வந்தவர் எவ்வளவு காலம் இருப்பார் என்பதை இனி மரபணுவை வைத்தே சொல்லிவிடலாம் என்று சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த உறவினர் ஒருவர் அன்று பின்னேரமே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கட அண்ணாவுக்கும் அந்தச் சோதனை செய்தவையெல்லோ, எத்தனை வருஷமாம்?" என்று கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஆயுள் பலன் பார்க்கும் சாதகம் போல இதை நம் சனங்கள் எடுத்துக்கொண்டால், சோதனை செய்ய வேண்டியவர்களே பயந்து ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சோதனை செய்தது வேறு வேலை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அண்ணாவுக்கு அப்போது 52 வயது. பல மாதமாகச் சோர்வு, இரத்தம் குறைந்துகொண்டே போனது. மூலமாக இருக்கும் என்று இரும்புச்சத்துக் குளிசையோடு காலம் ஓடியது. கடைசியில் கொலனோஸ்கொப்பி (குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தபோது பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. இரண்டாம் நிலை, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை என்றார்கள். இருந்தாலும் பாதுகாப்புக்கு ஆறு மாதம் கீமோ குளிசை எழுதித் தந்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்கும் குடற் புற்றுநோய் இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். இல்லை என்றோம். அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில் அண்ணாவின் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோலுரிந்தன. சேர்ட் பொத்தானைக் கூட அண்ணிதான் பூட்டிவிட்டா. தாங்க முடியாமல் வேறொரு டொக்டரிடம் போனோம். அவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டியில் நான்கு புரதங்களையும் பார்க்கவில்லையா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன். உடம்பின் கலங்கள் பிரியும்போது டிஎன்ஏயைப் படியெடுக்கின்றன. படியெடுக்கையில் எழுத்துப் பிழைகள் வரும். உங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்குபவர் இருப்பது போல, அந்தப் பிழைகளைத் திருத்த எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றன. 100 குடற் புற்றுநோய்க் கட்டிகளை எடுத்தால் ஏறத்தாழ 15 கட்டிகளில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இன்னொரு சத்திரசிகிச்சை தேவையில்லை. வெட்டியெடுத்த கட்டியை ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவலை எடுத்துச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் போதும்.

அண்ணாவின் கட்டியில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 இரண்டும் இல்லை. கேட்டதும் அண்ணி அழத் தொடங்கிவிட்டா. டொக்டரோ அது ஒரு வகையில் நல்ல செய்தி என்றார். பிழைகள் நிறைந்த கட்டியை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியமாகக் கண்டு தாக்குமாம். அதனால் இரண்டாம் நிலையில் இப்படியான கட்டிகள் திரும்பி வருவது குறைவு. அதோடு, அண்ணா எடுத்த குளிசை உடம்புக்குள் போய் புளோரோயுராசிலாக மாறுவது. இந்த வகைக் கட்டிக்கு இரண்டாம் நிலையில் அதைத் தனியாகக் கொடுப்பதால் பலன் இல்லை. குளிசையை நிறுத்தினார். நான்கு வருடமாகிறது, அண்ணா நலமாக இருக்கிறார். முதலிலேயே பார்த்திருந்தால் அந்தக் கைகள் அப்படி வெந்திருக்காது என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அந்த டொக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எங்கள் வம்சத்தை வரையத் தொடங்கினார். யார், எந்த வயதில், என்ன வருத்தத்தில் இறந்தார்கள்? அப்பா யாழ்ப்பாணத்தில் 47 வயதில் 'வயிற்றுக் கட்டி'யில் போனவர். அந்தக் கட்டி என்ன என்று யாரும் சொன்னதில்லை. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனவ. மச்சாள்மாருக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த காலம் என்பதால் அந்த வருத்தத்தின் பெயரையே வீட்டில் எடுக்க மாட்டார்கள். குடற் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டபோது மாமி எங்கள் நினைவுக்கே வரவில்லை. அந்தத் திருத்தும் புரதங்களுக்கான மரபணுவில் ஒரு பழுது பெற்றோரிடமிருந்து வருவதை லிஞ்ச் என்பார்கள். அந்தப் பரம்பரை நிலையில் குடலோடு கர்ப்பப்பையிலும் புற்றுநோய் வரும் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அண்ணாவின் இரத்தத்தில் அதை உறுதிசெய்தார்கள். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு வாய்ப்பு. எனக்கும் இருக்கிறது. கொலனோஸ்கொப்பியில் எனக்கு இரண்டு சிறு முளைகளைப் புற்றாக மாறுமுன்னே எடுத்துவிட்டார்கள். என் தங்கைக்கு இல்லை. அண்ணாவின் மகளுக்கு 24 வயது, அவளுக்கும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது கொலனோஸ்கொப்பி செய்து பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. எம்எல்எச்1 இல்லாமல் போனால், முக்கியமாக வயதானவர்களில், பெரும்பாலும் அது பரம்பரை அல்ல; கட்டிக்குள்ளேயே பிறகு ஏற்பட்ட மாற்றம். அதைப் பிரித்தறிய வேறு சோதனை உண்டு. பரவிய நோய் என்றால் ராஸ் மரபணுவையும் பார்த்தாக வேண்டும். அந்த ராஸ் வகையில் ஒன்றான கே-ராஸில் மாற்றம் 100 கட்டிகளில் ஏறத்தாழ 40 இல் இருக்கும், பரவிய குடற் புற்றுக்குப் போடும் செட்டுக்சிமாப் ஊசி அவற்றில் பொதுவாக வேலை செய்யாது. தாலிக்கொடியை அடகு வைத்து அந்த ஊசியைப் போட நினைக்கும் குடும்பம் இதை முதலில் அறிய வேண்டாமா? நான்கு புரதச் சோதனை பரவிய நோயிலும் உதவும். அந்தப் புரதங்கள் இல்லாத கட்டிகளுக்கு, எந்த உறுப்பில் இருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை அமெரிக்கா 2017 இலேயே அங்கீகரித்தது. 2022 இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், இரண்டாம் நிலை நோயாளர் 455 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு இரத்தத்தில் புற்றின் டிஎன்ஏ மிதக்கிறதா என்று பார்த்து கீமோவைத் தீர்மானித்தார்கள். வழமையான முறையில் 28 சதவீதம் பேர் கீமோ எடுக்க, இந்த முறையில் 15 சதவீதம் பேரே எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நோய் திரும்பியது கூடவில்லை.

அவ்வளவு பெரிய சோதனையை நான் கேட்கவில்லை. சாயமேற்றிப் பார்க்கும் அந்த நான்கு புரதச் சோதனையை, அரசாங்கமோ தனியாரோ, குடலில் கட்டி எடுக்கும் எல்லோருக்கும் கேட்காமலே செய்யுங்கள் என்கிறேன். மஹரகம, தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைகளில் வரிசையில் இருக்கும் நம் சனங்களுக்கு முடிவைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அக்கா தங்கை, அண்ணன் தம்பி, பிள்ளைகள் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். உங்கள் சுகாதாரப் பக்கத்திலும் அடுத்த முறை ஆயுளைப் பற்றி எழுதாமல், டொக்டரிடம் இந்தச் சோதனையை எப்படிக் கேட்பது என்று எழுதுங்கள்.

எங்கள் மச்சாள்மார் இருவரும் இன்னும் சோதிக்கவில்லை. மாமியின் வருத்தத்தைச் சொல்லி அவர்களுக்குப் போன வாரம்தான் கடிதம் எழுதினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
வெள்ளவத்தை, கொழும்பு 06