நன்றியைக் கடனாக எண்ணாதே

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். குடியை விட்டு மாதங்கள் கடந்த பின்பும் மனத்தில் மகிழ்ச்சி எழவில்லை என்றும், குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் வாழ்க்கைக்கு நன்றி சொல்லும்போது உனக்கு மட்டும் சொல்ல எதுவும் தோன்றவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்ற முடிவுக்கு நீ வந்துவிட்டாய் என்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது; அந்த முடிவு சரியானதன்று.

நீண்ட காலம் மது அருந்தியவர்களின் மூளையில், இன்பத்தையும் ஊக்கத்தையும் உணரச் செய்கிற டோபமைன் என்ற வேதிப்பொருளின் அமைப்பு மதுவின் ஓயாத தூண்டலுக்குப் பழகி மந்தமாகிவிடுகிறது. அதனால் குடி நின்ற பிறகு இசை, உணவு, நண்பர்களின் பேச்சு போன்ற இயல்பான இன்பங்கள்கூடச் சில காலம் சுவையற்றுப் போகின்றன. கொழுப்பு படிந்த கல்லீரல், நோய் முற்றாதிருந்தால், மது நின்ற சில வாரங்களிலேயே தேறத் தொடங்கிவிடும். தூக்கமும் மகிழும் திறனும் சீரடையப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆகவே உன் மனம் நன்றி கெட்டதாகிவிடவில்லை, அது இன்னும் தேறிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் உன் எழுத்தில் கண்டேன். நன்றி என்று நீ எழுதும் இடங்களிலெல்லாம் எனக்கும் உன் அம்மாவுக்கும் நீ பட்ட கடனைப் பற்றியே எழுதுகிறாய். மகளே, நாங்கள் உன்னிடம் எதையும் வசூலிக்கக் காத்திருக்கவில்லை. குற்றவுணர்வு நன்றியின் உடையை அணிந்து வரும்போது அது மனத்தை நிறைப்பதில்லை, குனியத்தான் வைக்கிறது. அப்படிக் குனிந்த மனத்துக்கு மறுபடியும் மதுவின் நினைவு வருவது எளிது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநின்று மீளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குத்தானே நீ செல்கிறாய், அவற்றின் தொடக்கத்தை எண்ணிப் பார். 1935-ஆம் ஆண்டு, தொழில் நிமித்தம் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குச் சென்ற, குடியை விட்டிருந்த பில் வில்சன், போன காரியம் கைகூடாமல் குடிக்கும் வேட்கை எழுந்தபோது, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேசினால்தான் தப்ப முடியும் என்று தேடிச் சென்று சந்தித்தவர்தான் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். உதவி செய்யப் போனவரே உதவி பெற்றார். பெற்றதை வந்த வழியே திருப்பித் தர வேண்டியதில்லை, அடுத்து வருபவருக்குக் கொடுக்கலாம் என்பதை நான் அந்தச் சந்திப்பிலிருந்துதான் புரிந்துகொண்டேன். ஆகவே கூட்டத்தில் உன் முறை வரும்போது, இன்று நன்றி எதுவும் தோன்றவில்லை என்றே சொல். புதிதாக வந்து அதே வெறுமையோடு அமர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த உண்மையே பெரிய துணையாகும்.

நன்றிக்குரியவற்றை எழுதி வைக்கும் பழக்கம் பயன் தருமா என்று கேட்டிருந்தாய். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒருமுறை ஐந்து விஷயங்கள் வரை அவ்வாறு எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நல்லதாகக் கண்டனர். அவர்கள் குடிநோயிலிருந்து மீள்பவர்கள் அல்லர் என்பதால் அதை உனக்கான உறுதிமொழியாகக் கொள்ளாதே, ஆனாலும் செய்து பார். எழுதும்போது பெரியவற்றைத் தேடாதே. நேற்றிரவு யாரிடம் என்ன பேசினோம் என்று அஞ்சாமல் விழித்தெழுந்த காலை, நடுக்கமில்லாமல் கையெழுத்திட்ட கை, மூச்சின் வாடையை மறைக்க வேண்டியில்லாமல் ஒருவர் அருகில் நின்று பேசிய பேச்சு, சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் நீ இருந்தது ஆகியவை குடிக்காதவர்கள் ஒருபோதும் கவனிக்காதவை. அவற்றின் அருமையை நீ அறிவாய். மனநிறைவு என்பது, என் கணிப்பில், இத்தகைய ஒரு மாலைப்பொழுதில் அதற்கு மேல் எதையும் சேர்க்கத் தோன்றாமல் இருப்பதே; அது மகிழ்ச்சியைப் போலப் பொங்கி வராது என்பதால் வந்ததே தெரியாமல் போகலாம்.

இழந்த ஆண்டுகளுக்காக அழுகை வந்தால் அழு. நன்றி சொல்ல வேண்டும் என்பதற்காகத் துயரத்தையோ கோபத்தையோ அடக்கி வைக்காதே, இரண்டும் ஒரே மனத்தில் இருக்க இடமுண்டு. ஆனால் எதிலும் நாட்டமின்மை நாள்தோறும் நீடித்தாலோ, வாழ்வதே வீண் என்று தோன்றினாலோ, அதை மீட்சியின் இயல்பு என்று நீயாகத் தீர்மானித்துவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல். மனச்சோர்வு குடிநோயோடு சேர்ந்து வரக்கூடிய தனி நோய். அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு. இந்த வாரம் அவரைப் பார்க்கும்போது தூக்கத்தைப் பற்றியும் கேள், அவர் தந்த மாத்திரைகளை நீயாக நிறுத்தாதே, அவர் சொன்னதை எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா