தொலைக்காட்சி அடுப்பும் நம் வீட்டு அடுப்பும்

தாம்பரம்

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி குறைந்து மறுபடியும் அடுப்படியில் நின்று சமைக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. கடிதத்தின் பின்பாதியில், தொலைக்காட்சியில் வரும் செஃப்கள் சொல்வதைக் கேட்டுச் சமைத்தால் ஒன்றும் உருப்படியாக வராது என்றும், மருமகளிடமும் அதையே சொல்லிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். உன் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு செஃப் எவ்வளவு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர், தட்டை எவ்வளவு அழகாக அலங்கரிக்கிறார் என்பதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. நம் அடுப்பும் நம் பாத்திரமும் நம் தண்ணீரும் எப்படிப்பட்டவை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா, எதைப் பார்த்த பிறகு அடுத்ததைச் செய்ய வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறேன். இவை இரண்டும் இருந்தால் அவரை நம்பி அடுப்பைப் பற்றவைக்கலாம். இல்லையென்றால், உட்கார்ந்து பார்த்து ரசிப்பதற்கு மட்டுமே அந்த நிகழ்ச்சி உதவும்.

பருப்பையே எடுத்துக்கொள். "குக்கரில் மூன்று விசில் விட்டு இறக்குங்கள்" என்று சொல்லாத சமையல் நிகழ்ச்சியே இல்லை. விசில் என்பது குக்கருக்குள் அளவுக்கு மேல் சேரும் ஆவி வெளியே வரும் சத்தம்தானே. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் சிறிய குக்கரில் ஐந்தாறு நிமிடத்துக்குள் மூன்று விசிலும் வந்துவிடும். அதே பருப்பைப் பெரிய குக்கரில் சிறு தீயில் வைத்தால் முதல் விசிலுக்கே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். கேஸ்கெட் தளர்ந்திருந்தால் விசிலே வராமல் ஓரத்தில் ஆவி கசிந்துகொண்டிருக்கும். உள்ளே அழுத்தம் முழுதாக ஏறிவிட்டால் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் பருப்பு எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் வேகும் கணக்கு. அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து இத்தனை நிமிடம் வையுங்கள் என்று சொல்கிறவரைக் கேட்டால், அவர் நாள்தோறும் குக்கர் வைத்துப் பழகியவர் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது தண்ணீர். நீ கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் பருப்பு வேகவைக்கிறாய். அது பூப்போல மலர்ந்து குழைந்துவிடும். இங்கே எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் பருப்பைக் குழையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கிறது. அதனால் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரில்தான் பருப்பை ஊறவைத்து, மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு வேகவைக்கிறேன். சென்னைப் புறநகரில் எத்தனையோ வீடுகளில் இதே பாடு. ஆனாலும் திரையில் பருப்பு வேகவைக்கும்போது, உப்புத் தண்ணீராக இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நிகழ்ச்சியில் ஒருவர் பருப்பும் காயும் புளிக்கரைசலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு மூடியைத் திருகினார். புளிப்பு சேர்ந்தால் பருப்பும் காயும் வேகத் தாமதமாகும் என்பது நம் பாட்டிமார்களுக்கே தெரியும். பருப்பு குழைந்த பிறகுதான் புளி என்ற வரிசையை அவர்கள் காரணம் இல்லாமல் வைக்கவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்துச் செய்த எங்கள் எதிர்வீட்டுப் பெண், சாம்பார் சரியாக வராததற்குத் தன் கைதான் காரணம் என்று வருந்தினாள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர் விட்ட குறைக்குக் கற்றுக்கொள்கிற பெண் ஏன் தலைகுனிய வேண்டும்?

வெங்காயத்திலும் இதே கதைதான். திரையில் வெங்காயம் இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகிவிடுகிறது. அரை கிலோ வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, நம் வீட்டு அடுப்பில், அகலமான வாணலியில், நடுத்தரத் தீயில் வதக்கினால் கால் மணி நேரத்துக்குக் குறைந்து அந்த நிறம் வராது; பிரியாணிக்கு வேண்டிய செந்நிறம் வர அதற்கும் மேலாகும். படப்பிடிப்பில் அந்த நேரத்தை வெட்டிவிடுகிறார்கள். அது நிகழ்ச்சியின் கட்டாயம். அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் "இதற்குக் கால் மணி நேரம் ஆகும், நாங்கள் முன்பே வதக்கி வைத்திருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே. அந்த ஒரு வார்த்தை இல்லாததால் பெண்கள் பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள், வெங்காயம் ஓரம் கருகி நடுவில் பச்சையாக நிற்கிறது, குழம்பு முழுக்கக் கசக்கிறது.

டிவி பார்த்துச் செய்த ஃப்ரைடு ரைஸ் களியாகிவிட்டது என்று உன் மருமகளை நீ கடிந்துகொண்டது சரியில்லை, கோமதி. ஓட்டல் அடுப்பின் சீற்றமே வேறு. அந்தச் சூட்டில் ஒரு வாணலி நிறையச் சாதத்தைப் போட்டாலும் ஈரம் உடனே ஆவியாகிவிடும். நம் வீட்டு அடுப்பில் நான்கு பேருக்கான சாதத்தை ஒரே தடவையில் கொட்டினால் வாணலியின் சூடு சட்டென்று இறங்கிவிடுகிறது, காய்கறி தண்ணீர் விட்டுக்கொள்கிறது, சாதம் களியாகிவிடுகிறது. முதல் நாளே வடித்து ஆறவைத்த சாதமாக இருக்கட்டும். இரண்டு இரண்டு பேருக்காகத் தனித்தனியே கிளறச் சொல். நன்றாகவே வரும்.

நம் இளமைக் காலத்தை நினைத்துப் பார்த்தால், மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-இல் வந்த புத்தகம். நம் அம்மாக்களின் தலைமுறையில் புதுக்குடித்தனம் போன பெண்களுக்கு, பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாத குறையை அது தீர்த்தது. 1993-இல் சஞ்சீவ் கபூர் இந்தியில் 'கானா கஜானா' தொடங்கினார். பாஷை முழுதாகப் புரியாவிட்டாலும், ஓர் ஆண் அடுப்பின் முன் நின்று பொறுமையாகப் பேசுவதைப் பார்க்க நம் தெருவில் ஒரு கூட்டமே இருந்தது. பிறகு தமிழ்ச் சானல்கள் பெருகின. மல்லிகா பத்ரிநாத், ரேவதி சண்முகம் போன்றவர்கள் நம் வீட்டு அளவில், நம் வீட்டுச் சாமான்களைக் கொண்டு செய்துகாட்டினார்கள். மத்தியானம் டிவி எதிரே நோட்டும் பேனாவுமாக நாம் உட்கார்ந்திருப்போமே! விளம்பர இடைவேளைக்குள் அளவை எழுதி முடிக்க வேண்டும். விட்டுப்போனதை மறுநாள் பள்ளிக்கூட ஓய்வறையில் ஒருவருக்கொருவர் கேட்டு நிரப்பிக்கொள்வோம்.

கண்ணதாசனின் மகள் என்பதற்காக ரேவதி சண்முகத்தை நான் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். தொடர்ந்து பார்த்ததற்குக் காரணம் அவர் சொல்லிக்கொடுக்கும் விதம். செட்டிநாட்டுச் சமையலைக் காரமும் எண்ணெயும் என்று சுருக்கிவிடாமல், வீட்டில் அன்றாடம் செய்கிற எளிய குழம்பும் பொரியலும் அதில் உண்டு என்று நிதானமாகக் காட்டினார். வெங்கடேஷ் பட், விஜய் டிவியில் 'சமையல் சமையல்' நடத்திய காலத்திலிருந்தே காரணம் சொல்லிச் சமைக்கிறவர். எதை முதலில் போடுவது, ஏன் என்று அவர் விளக்கும்போது நமக்கு அந்த ஒரு பதார்த்தத்தோடு அதன் இனத்தைச் சேர்ந்த எல்லாம் பிடிபடுகிறது. தாமு 2010-இல் தனி ஆளாக 24 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து சமைத்துக் கின்னஸ் சாதனை படைத்தவர்; அவ்வளவு பெரிய ஆள் வத்தக்குழம்பையும் மிளகு ரசத்தையும் மதிப்போடு செய்துகாட்டியது எனக்குப் பெரிய விஷயம். சன் டிவியில் 'ஆஹா என்ன ருசி' நடத்திய ஜேக்கபை உனக்கு நினைவிருக்கும். தென்னாட்டின் பழைய உணவுகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவர், 2012-இல் 38 வயதிலேயே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் நம் வட்டாரச் சமையல்கள் இன்னும் எவ்வளவோ திரையில் பதிவாகியிருக்கும் என்று இன்றும் ஏங்குகிறேன். இவர்களையெல்லாம் ஒரே வரியில் நீ தள்ளிவிட்டதைத்தான் நான் ஏற்கவில்லை.

ஆனால் எனக்கும் ஆற்றாமை உண்டு. அண்மையில் ஒரு சானலில், இட்லி தோசைக்குத் தொட்டுக்கொள்கிற 'கும்பகோணம் கடப்பா' என்று போட்டிருந்தார்கள். நம் ஊராயிற்றே என்று ஆசையாக உட்கார்ந்தேன். அந்தச் செஃப் மஞ்சள் தூள், கரம் மசாலா, கடைசியில் ஃப்ரெஷ் க்ரீம் எல்லாம் சேர்த்து இறக்கி, இதுதான் கும்பகோணத்தின் ருசி என்று முடித்தார். கடப்பாவுக்குக் கெட்டித்தன்மை தருவது பாசிப்பருப்பும், உதிர்த்த உருளைக்கிழங்கும், தேங்காயோடு அரைத்த பொட்டுக்கடலையும்தான். தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, கசகசா, பச்சைமிளகாய் இவற்றை வெண்ணெயாக அரைக்க வேண்டும். கிழங்கைத் தனியாக வேகவைத்துத் தோலுரித்து, பாதி மசிந்தும் பாதி துண்டாகவும் இருக்கும்படி கையால் உதிர்க்க வேண்டும். வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வந்தால் போதும். சிவந்துவிட்டால் நிறமும் கெடும், வாசனையும் மாறும். அரைத்ததை விட்ட பிறகு நுரை கூடி ஓரத்தில் கொதி எழும்போதே இறக்கிவிட வேண்டும். ஆற ஆற இறுகுகிற பண்டம் என்பதால், இறக்கும்போது நமக்கே சந்தேகம் வரும் அளவுக்கு நீர்க்க இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்த பிறகுதான். இதில் ஒன்றைக்கூட அவர் சொல்லவில்லை. மாற்றிச் செய்வதை நான் தடுக்கவில்லை. வீட்டுக்கு வீடு கடப்பாவே மாறுகிறது, சிலர் புதினா போடுகிறார்கள், சிலர் பட்டை கிராம்பு தாளிக்கிறார்கள். ஆனால் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிச் செய்கிறவர், அந்த ஊரில் எப்படிச் செய்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு தன் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஊரை அறியாத பிள்ளைகள் திரையில் பார்த்ததையே அசல் என்று எடுத்துக்கொள்வார்கள் அல்லவா?

போட்டி நிகழ்ச்சிகளைப் பற்றியும் கேட்டிருந்தாய். 2019-இல் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் வார இறுதியில் அதுதான் ஓடுகிறது. அதைப் பார்த்து யாரும் சமைப்பதில்லை, சமைக்கவும் முடியாது; அளவும் பக்குவமும் சொல்வதற்கு அங்கே நேரம் இல்லை. ஆனால் ஊரடங்குக் காலத்தில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பேரன் வெங்காயம் உரிக்க வந்தான். இப்போது ரசம் வைக்கிறான். இந்த ஒன்றுக்காகவே அந்த நிகழ்ச்சியின் மேல் எனக்கு நன்றி உண்டு.

உன் மருமகளுக்கு ஒன்று சொல். எந்தச் சமையலையும் பார்த்தவுடன் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். ஒருமுறை முழுதும் பார்த்துவிட்டு, எண்ணெய், முந்திரி, நெய் அளவுகளை நம் வீட்டுக்கு ஏற்றபடி குறைத்து எழுதிக்கொள்ளட்டும். ஓட்டலில் விருந்தினர் எப்போதாவது ஒருநாள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கான அளவு அது. நாம் தினமும் சாப்பிடுகிறவர்கள், அதிலும் உன் வீட்டிலும் என் வீட்டிலும் சர்க்கரை நோய்க்காரர்கள் இருக்கிறார்கள். நிமிடக் கணக்குக்குப் பக்கத்தில் ஓர் அடையாளத்தையும் எழுதச் சொல்: பச்சை வாசனை போவது, எண்ணெய் பிரிந்து மேலே மிதப்பது, கடுகு வெடித்து அடங்குவது. செஃப் அந்த அடையாளத்தைச் சொல்லாவிட்டால் அவள் உன்னிடம் கேட்கட்டும். நீயும் "டிவியில் பார்த்ததா?" என்று முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடு. உனக்கும் அவளுக்கும் நடுவில் பேசுவதற்கு நல்லதொரு விஷயம் தானாக வந்து நிற்கிறது, அதை விட்டுவிடாதே.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். உங்கள் கொங்குப் பக்கத்து அரிசியும்பருப்பும் சாதத்தை ஒரு செஃப் செய்துகாட்டினார். துவரம்பருப்புக்கும் அரிசிக்கும் அவர் சொன்ன அளவு எனக்குச் சரியாகப் படவில்லை, எந்த அரிசி என்றும் சொல்லவில்லை. பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் தண்ணீர் வேறுபடுமே, அதையும் சேர்த்து, சின்ன வெங்காயம் எந்தப் பதத்தில் இருக்கும்போது அரிசியைப் போடுகிறாய், தீயை எப்போது குறைக்கிறாய் என்பதை விவரமாக எழுதி அனுப்பு. இங்கே கேன் தண்ணீரில் செய்துபார்த்துவிட்டு, எப்படி வந்தது என்று எழுதுகிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

உன் அன்புத் தோழி,
விசாலாட்சி