குழந்தை அசைந்தால் மூளை மெலிந்ததாகத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் பார்க்கும் குழந்தைகளின் மூளை மெலிகிறது, கவனக்குறைவு உள்ள குழந்தைகளின் மூளை சிறுத்திருக்கிறது என்றெல்லாம் எம்.ஆர்.ஐ. ஆய்வுகளைச் சுட்டிச் செய்திகள் வருகின்றன. ஸ்கேன் எடுக்கும்போது குழந்தை எவ்வளவு அசைந்தது என்ற விவரம் அவற்றில் இருப்பதே இல்லை. முடிவையே புரட்டிப் போடக்கூடிய விவரம் அது.

எம்.ஆர்.ஐ. கேமரா போல நொடியில் படம் பிடிப்பதில்லை. மூளையின் அமைப்பைக் காட்டும் டி1 படத்துக்கு ஐந்தாறு நிமிடம் வரிவரியாகச் சிக்னலைச் சேகரித்து, கடைசியில்தான் கணக்கிட்டுப் படமாக்குகிறது. ஒவ்வொரு வரியிலும் மூளை முழுவதன் தகவலும் கலந்திருப்பதால், நடுவில் தலை சற்று அசைந்தாலும் கெடுதி படம் முழுக்கப் பரவும். பெரிதாக அசைந்தால் வளையம் வளையமாகக் கோடுகள் விழும், பார்த்ததும் ஒதுக்கிவிடலாம். ஆபத்து லேசான அசைவில்தான். படம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல்நிறப் பகுதிக்கும் நரம்பிழைகள் நிறைந்த வெண்பகுதிக்கும் இடையிலான எல்லை மங்கியிருக்கும். மென்பொருள் அதைத் தவறாக வரைந்து, மூளையின் மேலடுக்கான புறணி மெல்லியது என்று கணக்குக் கொடுக்கும். ஆரோக்கியமான பெரியவர்களை வேண்டுமென்றே தலையசைக்கச் சொல்லி நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. அதே ஆட்களின் புறணியே, அசைந்தபோது மெலிந்ததாக அளவு வந்தது.

அளவுகளைப் பாருங்கள். புறணியின் சராசரித் தடிமன் சுமார் 2.5 மி.மீ. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வழக்கமாக 1 மி.மீ. கனசதுரம். வளரிளம் பருவத்தில் ஓராண்டில் இயல்பாக ஏற்படும் மாற்றமோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். சின்னக் குழந்தைகளும் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு–துறுதுறுப்புக் கோளாறு உள்ள குழந்தைகளும் மற்றவர்களைவிட அதிகம் அசைவார்கள். அப்படியானால் இரு குழுக்களுக்கிடையே தெரியும் வித்தியாசம் மூளையுடையதா, அசைவுடையதா? அசைந்த படங்களையெல்லாம் நீக்கினாலும் தீராது. பிரச்சினை கடுமையாக உள்ள குழந்தைகளே ஆய்விலிருந்து வெளியேறிவிடுவார்கள். மூளைப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பை அளக்கும் ஸ்கேனிலும் இதே சிக்கல்தான்: அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பை அசைவு கூட்டியும், தொலைவில் உள்ளவற்றின் தொடர்பைக் குறைத்தும் காட்டும் என்று 2012-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே நிறுவின.

தடுக்க வழி இருக்கிறது. காந்தம் இல்லாத மாதிரி ஸ்கேனரில் குழந்தையை முன்கூட்டியே படுக்கவைத்து, ஸ்கேனரின் இரைச்சலை ஒலிக்கவிட்டுப் பழக்குவார்கள். தலை அசைந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கார்ட்டூன் நின்றுவிடும்; இரண்டு மூன்று முறையில் குழந்தை புரிந்துகொள்ளும். நிஜ ஸ்கேனில் காதடைப்பான் கட்டாயம், சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை வைக்க வேண்டும். அமைப்புப் படம் எடுக்கையில் கார்ட்டூன் ஓடலாம். குழந்தை சும்மா படுத்திருக்கையில் மூளையின் ஓய்வுநிலை இயக்கத்தை அளக்கும்போது கூடாது, அளவே மாறிவிடும். கைக்குழந்தைக்குப் பாலூட்டி, துணியில் சுற்றி, தூங்கவைத்து எடுப்பதுதான் முறை. ஆய்வுக்காக மட்டும் மயக்க மருந்து கொடுப்பதை ஏற்கவே முடியாது.

அமெரிக்காவில் 9, 10 வயதுக் குழந்தைகள் சுமார் 11,800 பேரைச் சேர்த்து, 21 இடங்களில், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பின்தொடரும் ஏபிசிடி ஆய்வில், ஸ்கேனரே இடையிடையே தலையின் நிலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறையைச் சேர்த்திருக்கிறார்கள். இத்தனை பேர் எதற்கு என்று கேட்கலாம். மூளை அமைப்புக்கும் நடத்தைக்குமான தொடர்பு மிக மெல்லியது. நம்பும்படி எதையும் சொல்ல ஆயிரக்கணக்கானோர் தேவை என்று 2022-ல் ஆய்வாளர்கள் இந்தத் தரவையும் கொண்டே காட்டினார்கள். 40 குழந்தைகளை வைத்து வரும் முடிவு தலைப்புச் செய்திக்குத் தாங்காது.

'மெலிதல்' என்ற சொல்லைக் கேட்டுப் பெற்றோர் பயந்துபோவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சாம்பல்நிறப் பகுதியின் கன அளவு ஆறு வயதையொட்டி உச்சம் தொட்டுப் பிறகு குறைவதும், வெண்பகுதி இருபதுகளின் இறுதிவரை கூடுவதும் இயல்பான வளர்ச்சிதான்.

இனி இத்தகைய செய்தி வெளியிடும்போது எத்தனை குழந்தைகள், என்ன வயது, அசைவுக்காக எத்தனை படங்கள் நீக்கப்பட்டன, ஒரே குழந்தையை மீண்டும் ஸ்கேன் செய்தார்களா என்ற நான்கு விவரங்களையும் கேட்டு வாங்கிச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எம்.ஆர்.ஐ. தொழில்நுட்பர் ஒருவர்,
திருச்சி.