எடைமேடை எங்கே?

காவேரிப்பட்டணம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாங்காய் சீசனில் பேனா பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பேப்பரைத் தானே படிக்கிறாள்.

உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயம் நடந்தது. எங்கள் ஊரில் மாந்தோப்பு வைத்திருக்கிற 41 பேர் சேர்ந்து பொதுவாக ஓர் எடைமேடை போடலாம் என்று முடிவு செய்தோம். எங்கே போடுவது என்று ஓட்டு வைத்தோம். மலையடிவாரம் 17, ரோட்டோரம் 13, இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பிள்ளையார் கோயில் திடல் 11. மலையடிவாரம்தான் என்று சொல்லி எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 24 பேர் கேட்காத இடம் அது.

மறுநாள் வீடு வீடாகப் போய், மூன்று இடங்களையும் பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எழுதி வாங்கினேன். ராத்திரி திண்ணையில் சீட்டுகளைப் பரப்பி, காற்றில் பறக்காமல் மாங்கொட்டைகளை மேலே வைத்து எண்ணினேன். முதல் இடம் ஒருவருக்கும் மாறவில்லை. மலைப் பக்கத்தார் 17 பேர், ரோட்டோரத்தார் 13 பேர், எல்லோருக்கும் இரண்டாவது இடம் திடல்தான். திடல்காரர்கள் 11 பேரும் இரண்டாவதாக ரோட்டோரத்தை எழுதியிருந்தார்கள். லோடு டிராக்டர் மேட்டில் ஏறாது என்பது அவர்கள் கவலை.

இனி கணக்கைப் பார். முதல் ஓட்டை மட்டும் எண்ணினால் மலையடிவாரம். கடைசியாக வந்த திடலை நீக்கி, அந்த 11 ஓட்டை அவரவர் இரண்டாவது இடத்துக்குச் சேர்த்தால் ரோட்டோரம், 24க்கு 17. இரண்டிரண்டு இடமாக மோதவிட்டால் திடல்தான்: மலையை 24க்கு 17, ரோட்டை 28க்கு 13 என்று ஜெயிக்கிறது. அதே 41 சீட்டு, எண்ணும் முறைக்கு ஒரு முடிவு! அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் ஜனாதிபதி தேர்தலில் இரண்டாவது முறைதான். 1969இல் வி.வி.கிரிக்கு முதல் எண்ணிக்கையில் கிடைத்தது 4,01,515. தேவைப்பட்டது 4,18,169. பின்தங்கியவர்களை நீக்கி, அடுத்த விருப்பங்களைச் சேர்த்த பிறகு 4,20,077 வந்து ஜெயித்தார். ஜோடி ஜோடியாக மோதவிடும் யோசனையைப் பிரெஞ்சுக்காரர் கொண்டோர்சே 1785இல் எழுதினார். அதில் ஒரு சிக்கலையும் அவரே கண்டார்: ‘அ’ என்ற இடம் ‘ஆ’-வை வெல்லும், ‘ஆ’ ‘இ’-யை வெல்லும், ‘இ’ திரும்ப ‘அ’-வை வென்று சுழலாகிவிடும். மூன்று பேரோ அதற்கு மேலோ போட்டி என்றால், நியாயமான எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்றும் வரிசை முறை கிடையாது என்று 1951இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ நிரூபித்தே காட்டிவிட்டார்.

அதற்காக விட்டுவிட முடியுமா? 41 பேரில் ஒருவருக்கும் கடைசி இடமாக இல்லாதது திடல் மட்டும்தான். அதைத்தான் முதலில் கழித்துக் கட்டினோம், சேகர். இனிமேல் எண்ணும் முறையை ஓட்டுக்கு முன்பே பேசி எழுதி வைக்க வேண்டும், ஜோடி ஜோடியாகவே எண்ண வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். சீட்டுகளையும் கையோடு எடுத்துப் போகிறேன்.

ஒன்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அந்தச் சுழல் எங்கள் ஊரிலேயே வந்தால் எந்த இடத்தை எடுப்பது? நீ கணக்கு வாத்தியார், வெள்ளிக்கிழமைக்குள் எழுது. செந்தூரா ஒரு பெட்டி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நாலு நாள் வைக்கோலில் வைத்துச் சாப்பிடு.

அன்புடன்,
கோவிந்தன்