நியாயமான வேண்டுகோள் என்றால் எது?

எலும்பு வடிவ மாதிரிகளை உருவாக்கும் ஆய்வுக் குழுத் தலைவர்களுக்கும், அவற்றை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

"நியாயமான வேண்டுகோளின் பேரில் தரவு வழங்கப்படும்." உங்கள் கட்டுரைகளின் கடைசியில் வரும் இந்த வரியை நம்பி, தோள்பட்டை எலும்பு மாதிரி ஒன்றை, அதாவது பலருடைய எலும்புகளிலிருந்து சராசரி வடிவத்தையும் அது ஆளுக்கு ஆள் மாறும் விதங்களையும் கணித்து வைத்த கணினிக் கோப்பை, கேட்டு நான்கு முறை எழுதினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நான்காவதற்குப் போன வாரம் வந்தது. மாதிரியைச் செய்த மாணவர் படிப்பை முடித்துப் போய்விட்டாராம். கோப்பு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

அது எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டு தேய்ந்தவருக்குத் தோள்பட்டைக் குழியின் பின்விளிம்பு கரைந்து போயிருக்கும். தேய்வதற்கு முன் குழி எத்தனை டிகிரி சாய்ந்திருந்தது என்று கணித்தால்தான் செயற்கை மூட்டை எங்கே பொருத்துவது என்று திட்டமிட முடியும். மறுதோளும் தேய்ந்திருந்தால் அதைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. மிஞ்சிய எலும்போடு மாதிரியைப் பொருத்தித்தான் இல்லாத விளிம்பை வரைய வேண்டும்.

கோப்புக்காகக் காத்திருக்க முடியாமல் நாங்களே முதலிலிருந்து தொடங்கினோம். சி.டி. படங்களில் அடுக்கடுக்காக எலும்பின் எல்லையைப் பிரித்தோம். தோள்பட்டை எலும்பின் காகிதம் போன்ற மெல்லிய தகட்டில் கணினி விட்ட ஓட்டைகளைக் கையால் அடைத்தோம். ஓர் எலும்பின் புள்ளிக்கு இன்னோர் எலும்பில் நிகரான புள்ளி எது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஐந்து மாதம் போயிற்று. கையில் இருப்பது 40 எலும்பு. அதிலிருந்து கிடைப்பது மிஞ்சிப்போனால் 39 கூறுகள், அதாவது வடிவம் சராசரியிலிருந்து விலகும் 39 தனித்தனி வழிகள். இதே வேலையை ஒருவர் செய்து முடித்துத் தொலைத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டே செய்வது தனிக் கொடுமை.

ஆகவே கேட்கிறேன்: கட்டுரையோடு மாதிரியையும் வெளியிடுங்கள். சராசரி வடிவம், அதன் கூறுகள், ஒவ்வொரு கூறும் எவ்வளவு மாறலாம் என்ற அளவு. கூடவே அவை யாருடைய எலும்புகள் என்பதும்: வயது, பாலினம், நலமா நோயா, சி.டி. அடுக்கின் தடிமன்.

நோயாளியின் அந்தரங்கம் என்பீர்கள். ஸ்கேனை நாங்கள் கேட்கவில்லை. ஒவ்வோர் எலும்புக்கும் உரிய கூறு மதிப்புகளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"முதல் சில கூறுகளே 95% வேறுபாட்டை விளக்குகின்றன" என்ற வாக்கியத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அளவை நீக்காமல் எலும்புகளை ஒப்பிட்டால் முதல் கூறு பெரும்பாலும் பெரிய எலும்பு, சின்ன எலும்பு என்பதைத்தான் சொல்லும். அதற்கு மாதிரி எதற்கு, அளவுகோல் போதுமே! அறுவை மருத்துவர் கேட்கும் சாய்வு மிச்சமுள்ள 5%இல் கிடக்கலாம். மாதிரியைத் திறந்து காட்டாதவரை அதை யார் சரிபார்ப்பது? இத்தகைய வடிவ மாதிரிகளைச் செய்யும் முறையை விளக்கி 1995இல் கூட்ஸும் டெய்லரும் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையைப் படித்து அந்த முறையை இன்றும் செய்து பார்த்துவிடலாம். போன ஆண்டு வந்த உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு உங்களுக்கு மடல்தான் எழுத முடிகிறது.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருளுங்கள். ஆசிரியர்களே, மாதிரிக் கோப்பு இணைக்கப்படாத கட்டுரையை மதிப்பாய்வுக்கு அனுப்பாதீர்கள். ஆய்வுக் குழுத் தலைவர்களே, மாணவர் விடைபெறும் முன் கோப்பைக் கேட்டு வாங்கி, கட்டுரையோடு வெளியில் வையுங்கள். அந்தத் தோள்பட்டை மாதிரி ஏதாவது பழைய கணினியில் அகப்பட்டால், ஐந்தாவது மடல் எழுத வைக்காமல் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்கு முறை எழுதியவன்