பெரியவர்களுக்கான ஆட்டிசம் மதிப்பீடு: நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்துவிட்டால் ஆட்டிசம் பற்றி நிறைய எழுதுகிறோம். அத்தனையும் குழந்தைகளைப் பற்றி. முப்பது, நாற்பது வயதில் ‘நமக்கும் இதுதானோ’ என்ற சந்தேகத்தோடு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ மதிப்பீட்டுக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். நாள் வாங்கிவிட்டு, பயத்தில் போகாமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. முடிவு என்ன வருமோ என்பதைவிட, அறைக்குள் என்ன செய்வார்கள் என்று தெரியாததுதான் இவர்களை அதிகம் வாட்டுகிறது.

ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உட்கார்ந்து பேசுவார், கேள்வித்தாள் தருவார், சிறுவயதைப் பற்றி வீட்டார் ஒருவரிடம் கேட்பார். சில இடங்களில் ஏடாஸ்-2 (ADOS-2) என்ற, நேரில் பேசிப் பழகிக் கவனிக்கும் மதிப்பீட்டு முறை உண்டு. அதில் சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கானது 4-ஆம் பகுதி. 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். படத்தைப் பார்த்துக் கதை சொல்லச் சொல்வார்கள். நட்பு, வேலை, கோபம் பற்றிக் கேட்பார்கள். வளர்ந்த ஆளிடம் படப்புத்தகத்தை நீட்டுகிறார்களே என்று சங்கடப்பட வேண்டாம், எல்லோருக்கும் அதேதான். இதில் பாஸ், ஃபெயில் இல்லை. இரண்டு மூன்று முறை வரச் சொல்வதும் வழக்கம்தான்.

கேள்வித்தாளில் ‘எப்போதும்’, ‘சில நேரம்’ என்ற கட்டங்களில் எதை டிக் அடிப்பது என்று ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ‘வீட்டில் இல்லை, கல்யாண மண்டபத்தில் மட்டும்’ என்று ஓரத்தில் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். மதிப்பிடும் உளவியலாளர்களான எங்களுக்கு டிக்கைவிட அந்தக் குறிப்புதான் உதவும்.

நாள் வாங்கும்போதே எவ்வளவு நேரம் ஆகும், அறையில் யார் யார் இருப்பார்கள், கட்டணம் என்ன, கூட யார் வர வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். போன் பேசுவதே சிரமம் என்றால் அக்காவையோ நண்பரையோ கேட்கச் சொல்லுங்கள். ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதிகம். எந்த மொழியில் பேச்சு தடையில்லாமல் வருமோ அதில் பேசலாமா என்றும் கேளுங்கள்.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது சிறுவயது விவரத்துக்குத்தான். ஆட்டிசம் நடுவயதில் வருவதல்ல. அதன் அடையாளங்கள் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும். அம்மாவிடம் ‘மூணு வயசுல எப்படி இருந்தேன்’ என்று கேட்டால் ஞாபகம் வராது. ‘தம்பி பிறந்தப்போ நான் பேசுவேனா’, ‘பால்வாடியில யார்கூட விளையாடுவேன்’ என்று ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக் கேளுங்கள். ‘களி கையில ஒட்டுதுன்னு தொடவே மாட்டே’, ‘எருது விடுற விழாவுக்குத் தூக்கிட்டுப் போனா மேளச் சத்தத்துக்கே காதைப் பொத்திக்குவே’ என்று பதில் வந்தால், அதே வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஏ4 பக்கம் போதும். இருபது பக்கம் கொண்டுவந்தால், உள்ளதைச் சொல்கிறோம், முழுதாகப் படிக்க நேரம் இருக்காது.

டாக்டர் முன்னால் அம்மா ‘ரொம்பச் சமத்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை’ என்று முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ, வளர்ப்பைக் குறை சொல்வார்களோ என்ற பயம். வளர்ப்பால் ஆட்டிசம் வராது என்று வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள். அம்மா இல்லையென்றால் பெரியம்மா, அத்தை, மூத்த அக்கா. யாருமே இல்லையென்றால் பழைய ராங்க் கார்டு. அதுவும் இல்லையே என்று வாங்கிய நாளை விட்டுவிடாதீர்கள்.

முந்தின வாரம் முழுக்க இணையத்தில் கேள்வித்தாள் போட்டுப் பார்ப்பது பதற்றத்தைக் கூட்டும். பத்துக் கேள்வி கொண்ட ஏக்யூ-10 (AQ-10) என்ற முதல்கட்டக் கேள்வித்தாளில் 6-ஓ அதற்கு மேலோ வந்தால், முறையான மதிப்பீட்டுக்குப் போகலாம் என்றுதான் அர்த்தம். கூட்டத்தைக் கண்டு பயப்படும் சுபாவம் இருந்தாலும் மதிப்பெண் ஏறும். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள். அந்த மந்தத்தில் பேச்சும் முகபாவமும் மாறி எங்கள் கணிப்பு தவறும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்தாமல், அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுவது பலருக்குப் படபடப்பைத் தணிக்கும். மூச்சைக் கவனித்தாலே படபடப்பு கூடுகிறவர்கள் எழுந்து நடக்கலாம். ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசலாம்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் சேலம் பஸ் அசையாது. பெங்களூர் வழியில் அத்திப்பள்ளி நெரிசலும் அப்படித்தான். ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கஞ்சி போட்ட புதுச்சட்டை வேண்டாம். டோக்கன் கூப்பிடும் சத்தமும் டெட்டால் வாசனையும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், கூட வந்தவர் உள்ளே உட்காரட்டும், நீங்கள் வெளியே மரத்தடியில் இருங்கள். அறைக்குள் வலிந்து கண்ணைப் பார்த்துப் பேச வேண்டாம், கை ஆட்டத் தோன்றினால் ஆட்டுங்கள். ஊருக்காகப் பழகிய நடிப்பை அங்கேயும் தொடர்ந்தால் நாங்கள் பார்க்க வேண்டியது மறைந்துபோகும்.

‘கம்பெனிக்குத் தெரிஞ்சிடுமா’ என்று சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23-இன்படி உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. மாற்றுத்திறனாளி சான்றிதழ் தனி விஷயம், விருப்பமிருந்தால் மட்டும் விண்ணப்பிக்கலாம். அதற்கான இந்திய ஆட்டிசம் அளவுகோலில் (ISAA) 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. நன்றாகச் சமாளித்துப் பழகிய பெரியவர்களுக்கு இதில் மதிப்பெண் குறையலாம். மதிப்பீட்டின் முடிவில் ‘ஆட்டிசம் இல்லை’ என்று பதில் வந்தால், ‘அப்படியானால் என் சிரமத்துக்கு என்ன காரணம்’ என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இவ்வளவையும் நோயாளியே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் குறை. நாள் கொடுக்கும்போதே எவ்வளவு நேரம், யார் இருப்பார்கள், என்ன கேட்பார்கள், என்ன எடுத்து வர வேண்டும் என்ற நான்கையும் தமிழில் அச்சடித்துக் கொடுக்கும்படி இரு மாவட்ட அரசு மருத்துவமனைகளையும் தனியார் மனநல மருத்துவமனைகளையும் கேட்டுக்கொள்கிறோம். தனித்தாள் கூட வேண்டாம்; ஓ.பி. சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.