அறிவியலுக்கு அழைக்க வருகிறவர்கள் மறுபடியும் வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நம் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவத்தில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கண்டு ஒதுங்குகிறார்கள் என்று சென்ற ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். தொழிற்சாலைகளில் இருக்கும் நம் பொறியியலாளர்கள் பள்ளிகளுக்குப் போய் ஊக்கமூட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். போகட்டும். ஆனால் ஒரே ஒரு நாள் போய்விட்டு வருவதாக இருந்தால் போகாமலே இருக்கலாம் என்பேன்.

நான் கெடா மாநிலத்துப் பாடாங் செராய்க்காரன், ரப்பர் பால்வெட்டுக் குடும்பம். கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறந்தது. மறு வருடமே அங்கே ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது ஓய்வு. எங்கள் ஊரிலிருந்து மோட்டாரில் போய்வரும் தூரம்தான் அந்தப் பூங்கா. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "சாமான் செய்றாங்க" என்பார்கள். அவ்வளவுதான்.

வேலையில் இருந்தபோது நானும் ஒருமுறை ஊக்கமூட்டப் போனவன். ஒரே நிறத்தில் டி-சட்டை, பேனர், திரையில் படங்கள், ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம், கடைசியில் குழுப்படம். கேள்வி நேரத்தில் ஒரே ஒரு கை உயர்ந்தது. "ஐயா, மாசம் எவ்வளவு சம்பளம்?" மண்டபமே சிரித்தது, ஆசிரியை முறைத்தார், நாங்கள் "நல்லா படிச்சா நல்ல சம்பளம்" என்று மழுப்பினோம். அன்று கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே என் முதல் மாதச் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு ஷிப்ட்டில் இயந்திரம் நின்றுபோனால் என்ன பாடு என்பதையும் சேர்த்துத்தான்.

ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன். பாடம் என்று எதுவும் இல்லை. முதலில் எடுத்துக்கொண்டது ரப்பர் பால்தான். அந்தக் காலத்தில் நிறுவைக்குப் பால் கொண்டுபோனால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, ஒரு கண்ணாடி மிதவையை அதில் விடுவார். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. பாலில் ரப்பர் அதிகமாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே நிற்கும். மெட்ரோலேக் என்று பெயர். தோட்டத்துப் பெரியவர்களுக்கு, கூலியை முடிவுசெய்த அந்தக் கண்ணாடி மேல் இன்றைக்கும் ஒரு கோபம் உண்டு.

சிறுதோட்டக்காரர் ஒருவரிடம் பால் வாங்கி, கட்டியாகிவிடாமல் கொஞ்சம் அமோனியா விட்டு எடுத்துப் போனேன். உறிஞ்சுகுழாயின் அடியைக் களிமண்ணால் அடைத்து மிதவை செய்தோம். நல்ல பாலிலும் தண்ணீர் கலந்த பாலிலும் மிதக்கவிட்டால், வித்தியாசம் ஒரு நெல்மணிகூட இல்லை. எனக்கு அவமானமாகப் போயிற்று. அடுத்த சனிக்கிழமை இரண்டாம் படிவத்துப் பெண் ஒருத்தி ஒரு சின்ன மருந்து போத்தலோடு வந்தாள். உள்ளே மணல், மூடியில் துளைபோட்டு உறிஞ்சுகுழாயைச் செருகி மெழுகால் அடைத்திருந்தாள். கீழே குண்டு, மேலே ஒல்லிக் கழுத்து. இப்போது வித்தியாசம் ஒரு விரற்கடை! கிராணியின் கண்ணாடிக்கும் அதே உருவம்தான் என்று ஒரு தாத்தா சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் முதல் வாரத்தோடு நிறுத்தியிருந்தால் "ஐயா செய்தது வேலை செய்யவில்லை" என்பதோடு கதை முடிந்திருக்கும்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கும் கதை இருக்கிறது. 1981-க்கு முன்பு பல தோட்டங்களில் பெண்கள்தான் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து பூக்குலை மேல் ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. எங்கள் மண்டபத்துக்கு வரும் ஒரு பாட்டிக்கு ஊதிய குழாய் இன்னும் நினைவிருக்கிறது.

மொழியும் ஒரு சங்கதி. தமிழ்ப்பள்ளியில் 'அடர்த்தி' என்று படித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் மலாயில் 'கெதும்பாத்தான்' என்று கேட்டதும், இது வேறு ஏதோ என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அறிவியல் மேதை வேண்டியதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஓர் அக்கா, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

வருகிறவர்கள் ஐந்தாம் படிவத்தைத் தேடிப் போவதும் எனக்குப் புரியவில்லை. பாடங்களைத் தேர்ந்தெடுப்பது மூன்றாம் படிவ முடிவில். கூடுதல் கணிதத்தை அங்கே கைவிட்டவன் பிறகு போலிடெக்னிக், டிப்ளோமா என்று சுற்றித்தான் பொறியியலுக்கு வர வேண்டியிருக்கும். அந்த முடிவைப் பல வீடுகளில் பிள்ளை எடுப்பதில்லை. "டியூஷனுக்கு எங்கே போவேன்?" என்று கேட்கும் அம்மாதான் எடுக்கிறார். ஆகவே அம்மாக்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

கெடாவில் பள்ளி விடுமுறை வெள்ளியும் சனியும், பினாங்கில் சனியும் ஞாயிறும். இரண்டுக்கும் பொதுவாகச் சனிக்கிழமை இருக்கிறது. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் தம்பி தங்கைகள் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு வருடத்துக்கு, பாலம் தாண்டி வர முடியுமா? பேனர் செலவு மிச்சம். காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறோம். வீட்டில் ஓடாத மின்விசிறி இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளைகள் பிரித்துப் பார்க்க ஒன்று தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புத் தொழிலாளி,
பாடாங் செராய், கெடா